கம்பத்தைக் காவல் காத்தவர்

அத்தியாயம் 6

டாக்டர் டாக்டர் எக்கெஹார்ட் வாய் திறந்தால் எதிரே இருப்பவரின் காபி ஆறிவிடும் என்று கோர்பினியன் கேள்விப்பட்டிருந்தான். அது பொய். காபி ஆறி, மேலே ஆடை படிந்து, அந்த ஆடையையும் அவன் ஸ்பூனால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாயிற்று. ஐயா இன்னும் முதல் வாக்கியத்தில்தான் இருந்தார்.

இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவரை இரண்டு தடவை டாக்டர் என்று கூப்பிட வேண்டும். மியூனிக்கில் காப்புரிமை வக்கீல்கள் மத்தியில் இது எழுதாத சட்டம். ஒன்றை விழுங்கிவிட்டால் பாதி ஆளைத்தான் கூப்பிட்டதாக அர்த்தம். மீதிப் பாதி திரும்பிப் பார்க்காது.

“சுருக்கமா சொன்னா…” என்று வால்புர்கா ஹாஸ் குறுக்கே புகுந்தார்.

“சுருக்கமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார் டாக்டர் டாக்டர். அவர் வீட்டிலும் அச்சடித்த மாதிரிதான் பேசுவார் என்று சொல்வார்கள். கால் மேல் கால் போட்டிருந்தார். பேண்ட்டின் இஸ்திரி மடிப்பில் வெண்ணெய் வெட்டலாம்.

வால்புர்கா காப்புரிமைத் தகராறுகளில் மட்டும் துப்பறிகிறவர். கொலை கொள்ளைக்குப் போவதில்லை. அதில் குற்றவாளிக்காவது தான் குற்றவாளி என்று தெரியும் என்பார். கோர்பினியன் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, வாயடிப்பது, இரண்டும் அவன் பொறுப்பு.

மூன்றாவது நாற்காலியில் சென்ஸி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, இரும்படித்த தோள். மடியில் குழந்தையை வைத்திருப்பதைப் போல, தான் கண்டுபிடித்த கவ்வியை வைத்திருந்தாள். பெரிய பானை அளவில் ஓர் எஃகு வளையம். மூடி போட்டு இறுக்கியது.

“இது என்னங்க பண்ணும்?” என்று கோர்பினியன் அவளைக் கேட்டான்.

“நீளமான கம்பத்தை நிமித்தும்போது மாட்டிக்கிறது. மேல தள்ளுனா வழுக்கும். கீழ இறங்கப் பாத்தா உள்ள இருக்கிற ஆப்பு கவ்வும். நாப்பது பேர் தூக்குற கம்பத்தை மூணு பேர் தூக்கலாம். அவ்வளவுதான் தம்பி.”

“அவ்வளவுதான் அல்ல” என்றார் டாக்டர் டாக்டர், வலியோடு. இதே விஷயத்தை, சென்ஸியின் வக்கீலாக, காப்புரிமை மனுவில் அவர் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதியிருந்தார். காப்புரிமையின் உயிர் அந்த வாக்கியத்தில் இருப்பதால், ஒரு குளிர்காலம் முழுக்க அதை இழைத்து இழைத்து உட்கார்ந்திருந்தார். மனு மே மாத நடுவில்தான் போய்ச் சேர்ந்தது.

அங்கேதான் சனி பிடித்தது. ஐரோப்பாவில் மனு போடுவதற்கு முந்தின நாள் விஷயம் வெளியே போயிருந்தாலும் அது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கண்டுபிடித்தவளே சொல்லியிருந்தாலும் இல்லை. அந்த வருடம் மே முதல் தேதி, சென்ஸியின் ஊரான ஆல்டென்ஹோஃபில், மே பிறந்ததும் ஊர் நடுவில் நடுகிற மேக்கம்பத்தை இந்தக் கவ்வி போட்டுத்தான் நிமிர்த்தினார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாது. கம்பத்தைக் கையால் தூக்காத ஊர் ஊரே இல்லை என்பதால், கவ்வியை ஊசியிலை மாலைக்குள் ஒளித்து, மூன்று பேர் தள்ள, முப்பத்தேழு பேர் முக்கி முனகி நடித்தார்கள். வெளியே மூச்சு விடுவதில்லை என்று அத்தனை பேரும் சத்தியம் வேறு. வெட்கம் காக்கிற ரகசியத்தை எந்த ஒப்பந்தமும் காக்காது.

இது நடந்து ஆறு வருடம். காப்புரிமை கிடைத்துவிட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயின், போலந்து என்று நாட்டுக்கு நாடு பதிந்து, அங்கங்கே மொழிபெயர்த்து, வருடா வருடம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே படி அளந்து சென்ஸி நிமிர்ந்தபோது, வடக்கிலிருந்து ஒரு பெரிய தூக்கு இயந்திரக் கம்பெனி எதிர்மனு போட்டது. வாங்கும்போது நாடு நாடாக வாங்க வேண்டும். போகும்போது எல்லா நாட்டிலும் ஒரே அடியில் போகும். திங்கட்கிழமை காப்புரிமை அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். போனால் வடக்கத்திக் கம்பெனி இதே கவ்வியைப் பாதி விலைக்கு அடித்துத் தள்ளும். சென்ஸியின் பட்டறையில் அடுப்பு அணையும்.

எதிர்மனுவில் ஒரு புகைப்படமும் ஒரு வரியும் இருந்தன. படத்தில், தானியக் களஞ்சியத்தில் கம்பம் படுத்திருக்கிறது, கழுத்தில் கவ்வி. மே முதல் தேதிக்கு முந்தின காலை எடுத்தது. வரி இது: ‘விஷயம் அறிந்த ஒருவர் அப்போது கவ்வியின் உள்ளமைப்பு முழுவதையும் வெளியூர்க்காரர்களுக்கு விரிவாக விளக்கினார்.’

“படம் வெளித்தோற்றம்தான். அதனால் கெடுதல் இல்லை” என்றார் டாக்டர் டாக்டர். “அந்த விளக்கம்தான் விஷம். ஆனால் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மனுவுக்கு முந்தின ஆறு மாதத்துக்குள், கண்டுபிடித்தவருக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்றே ஒருவன் ரகசியத்தை வெளியிட்டிருந்தால் அது கணக்கில் வராது. ஆகவே ஆல்டென்ஹோஃபில் இருக்கும் அந்தத் துரோகியைக் கண்டுபிடியுங்கள்.”

“நல்ல தரமான துரோகியா வேணும்” என்றான் கோர்பினியன். “வேணும்னே பண்ணவனா.”

சென்ஸி கவ்வியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வால்புர்கா மட்டும் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஓரத்தில் தெரிந்த ஏதோ ஒன்றை வெகு நேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

மறுநாள் சனிக்கிழமை காலை ஆல்டென்ஹோஃபில் மூன்று கதவுகளைத் தட்டினார்கள்.

தச்சர் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அன்னிக்குத் தூங்கவே இல்ல.”

ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: “கம்பத்தைப் பத்தியா? அதெல்லாம் பழைய கதை. காவலுக்கு இருந்தேன், ஆனா கண்ணு மூடல.”

தீயணைப்புப் படைத் தலைவர் சீருடைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தார். கேள்வி முடிவதற்குள், “யாரு சொன்னா நான் தூங்கினேன்னு?” என்றார். கதவைச் சாத்தினார்.

கோர்பினியன் காருக்குள் வந்து ஸ்டியரிங்கில் தலையை முட்டினான். “பாஸ், நாம துரோகியைக் கேட்டா இவங்க தூக்கத்துக்குப் பதில் சொல்றாங்க. கேக்காமலே மூணு பேரும் தூங்கலைங்கிறாங்க. ஊரே குறட்டை விட்டிருக்கு.”

“ஏன் காவல்?”

“ஏன்னா? மே மாசத்துக்கு முன்னாடி பக்கத்து ஊர்க்காரன் கம்பத்தைத் திருடிட்டுப் போவான். அப்புறம் பீரும் சாப்பாடும் குடுத்து மீட்கணும். ஊருக்கே தலைகுனிவு. இதை மூணு வயசுப் பிள்ளைகிட்ட…” நிறுத்தினான். “அட. கம்பம் களவு போயிருக்கு.”

“எவனும் வாயே திறக்கல, பாத்தியா. தூங்கி மானம் போனதைச் சொல்றதைவிட சென்ஸியோட பட்டறை போகட்டும்னு இருக்காங்க.” வால்புர்காவின் குரலில் எரிச்சல் மண்டியது. “ஆறு வருஷம். அஞ்சு நாடு. நாலு மொழி. எல்லாம் மூணு தடியனுங்க மானத்துல மாட்டிக்கிட்டுத் தொங்குது. வண்டியைப் பக்கத்து ஊரு ரீடரிங்குக்கு விடு.”

“அந்த ஊர்க்காரங்களைத்தானே எதிராளி சாட்சியா போட்டிருக்கான். போகக் கூடாதுன்னு டபுள் டாக்டர் சொன்னாரே.”

“சொன்னாரா? எனக்குக் காதுல விழறதுக்குள்ள காபி ஆறிடுச்சு.”

*

ரீடரிங்கின் சத்திரத்தில் அந்தப் படமே சட்டம் போட்டு மாட்டியிருந்தது, மான் கொம்புக்கும் ஊர்க் கொடிக்கும் நடுவில். வெற்றிக் கோப்பை மாதிரி. அதன் கீழே இளைஞர் சங்கத் தலைவர் குவிரின் உட்கார்ந்து வெள்ளைச் சாசேஜைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். சங்கம்தான் இளைஞர் சங்கம். தலைவருக்குப் பேரன் இருந்தான்.

“உக்காருங்க அம்மணி. உக்காரு தம்பி. சீக்கிரமா சாப்பிடணும். பன்னெண்டு மணி அடிச்சுட்டா இதைத் தொடக் கூடாது, நம்ம பக்கத்து வழக்கம்.”

“அந்தக் கம்பத்தை நீங்க திருடினீங்களா?” என்றார் வால்புர்கா.

மறுப்பார், முறைப்பார், கதவைக் காட்டுவார் என்று கோர்பினியன் எதிர்பார்த்தான்.

“பின்ன?” என்று குவிரின் மலர்ந்தார். “நாங்க நாலு பேரு. விடியக்காலை. களஞ்சியத்துக்கு வெளிய அவனுங்க காவல்காரனுங்க வைக்கோல்ல கெடந்தானுங்க. ஒருத்தன் வாய்ல கொசு போகுது வருது. இதை எத்தனை பேருக்கு வேணும்னாலும் சொல்லுவேன். போன வருஷம் வடக்கத்தியான் ஒருத்தன் லீவுக்கு வந்தான். இந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்கும் சொன்னேன். பீர் வாங்கிக் குடுத்தான். எதையோ எழுதிக்கிட்டான்.”

“உள்ள யாருமே இல்லையா?”

குவிரின் கடுகு விழுதைத் தொட்டு நக்கினார். “அங்கதாம்மா விசேஷம். உள்ள ஒரு ஆளு முழிச்சிக்கிட்டு இருந்தாரு.”

“அப்புறம் எப்படித் தூக்கினீங்க?” கோர்பினியனுக்குத் தாங்கவில்லை. “காவல்காரன் கம்பத்து மேல கை வெச்சு ‘கம்பம் இங்கயே இருக்கும்’னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க திரும்பிப் போகணுமே. அதுதானே முறை.”

“நாங்களும் அதுக்குத்தான் நின்னோம். கை வைப்பாரு, சொல்லுவாரு, போயிடலாம்னு. அவரு கை வைக்கல. ‘வாருங்கள், வாருங்கள்’ன்னாரு. போட்டோ எடுத்துக்கலாமான்னோம். தாராளமான்னாரு. அப்புறம் அந்த வளையத்தைக் காட்டி விளக்க ஆரம்பிச்சாரு. அரை மணி நேரம். உள்ள என்ன, வெளிய என்ன, எல்லாத்தையும். நாங்க தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சிக்கிட்டு நின்னோம். முடிஞ்சதும் கம்பத்தைத் தோள்ல ஏத்துனோம்.” குவிரின் கண்களில் நீர் முட்டியது. “அவரு கதவைப் பிடிச்சிக்கிட்டாரும்மா. இடிக்காம பாத்துப் போங்கன்னாரு.”

வால்புர்கா சாசேஜைத் தொடவே இல்லை. பையிலிருந்து படத்தை எடுத்துக் கோர்பினியன் முன் தள்ளினார். “ஓரத்துல பாரு.”

ஓரத்தில் ஒரு முழங்காலும் தோல் கால்சட்டையின் ஒரு முழமும் தெரிந்தன. கோர்பினியன் பார்த்தான். தோல் கால்சட்டை என்றால் அப்பா போட்டது, மாமா போட்டது, எண்ணெயும் பீரும் ஏறிக் கறுத்துப் பளபளப்பது. இது புதிது. அது மட்டுமில்லை. நட்ட நடுவில், கத்தி மாதிரி ஒரு இஸ்திரி மடிப்பு.

“தோலை எவன் பாஸ் இஸ்திரி போடுவான்?” என்றான். ஆறிப்போன காபி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

“டாக்டருக்குப் போன் போடு. சனி ஞாயிறு ஆல்டென்ஹோஃப் பண்ணை வீட்டுலதானே இருப்பாரு. சென்ஸியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. ஊர்க்காரங்களோட உக்காரணும், ஊர் உடுப்புல வந்தா மரியாதையா இருக்கும்னு சொல்லு.”

*

டாக்டர் டாக்டர் எக்கெஹார்ட் வந்தார். பூ வேலைத் தோள்வார், வெள்ளிப் பொத்தான், தொப்பியில் மயிர்க் குஞ்சம், தோல் கால்சட்டை. மடிப்பு அப்படியே இருந்தது. பின்னால் சென்ஸி, கவ்வியோடு.

“துரோகி அகப்பட்டானா?” என்றார்.

குவிரின் எழுந்து நின்றுவிட்டார். “அட, கதவு பிடிச்சவரு.”

டாக்டர் டாக்டர் குவிரினை ஏற இறங்கப் பார்த்தார். ஹாம்பர்க்கிலிருந்து வந்து, பண்ணை வீடு வாங்கி, கெஞ்சிக் கூத்தாடி களவு நடந்த அந்த வருடம்தான் கம்பத்துக்குக் கௌரவக் காவலர் பதவி வாங்கியிருந்தார். தொப்பி போட்ட ஆட்கள் அவருக்கு ஒரே மாதிரி இருந்தார்கள்.

“நீங்கள் ஆல்டென்ஹோஃப் தூக்குக் குழு அல்லவா? கம்பத்தை மைதானத்துக்கு எடுத்துச் செல்ல வந்தவர்கள்? களவு வழியில் அல்லவா நடந்தது?”

“நாங்கதாங்க களவு” என்றார் குவிரின், பணிவாக.

சென்ஸி மெல்ல உட்கார்ந்தாள். ஏசுவாள் என்று கோர்பினியன் நினைத்தான். அவள் கவ்வியைப் பார்த்தே பேசினாள்.

“எதிர்மனு வந்ததுல இருந்து, பட்டறையில ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்து ‘நீயா, நீயா’ன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். லுட்விகை வேலையை விட்டே போகச் சொல்ல இருந்தேன். நீங்களா சார்?”

“நான் நல்லெண்ணத்தில்…”

“நல்லெண்ணம்தான் நம்மைக் கொல்லுது” என்றார் வால்புர்கா. “நீங்களே சொல்லுங்க. சட்டம் என்ன சொல்லுது?”

டாக்டர் டாக்டர் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை சுற்றி வளைக்காமல் சொன்னார்: “மோசடியைச் சட்டம் மன்னிக்கும். முட்டாள்தனத்தை மன்னிக்காது.”

அதோடு முடிந்தது. கோர்பினியனுக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. எதிராளி பெரிய ஆளாக இருந்து தோற்றால் ஒரு கௌரவம். இது என்ன, நம் வீட்டுக் கதவை நம் ஆளே திறந்து, குனிந்து, இடிக்காமல் போகச் சொல்லி…

“அப்படியானால்” என்று டாக்டர் டாக்டர் நிமிர்ந்தார், “வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதுங்கள். துரோகி என்றே எழுதுங்கள். முட்டாள் என்று மட்டும் வேண்டாம்.”

“சார், பட்டத்துக்கு ஒண்ணா ரெண்டும் ஆகலாம்” என்றான் கோர்பினியன்.

“பொய்ச் சாட்சி செல்லாது.” வால்புர்கா எதிர்மனுவின் அந்த ஒற்றை வரியை மறுபடி எடுத்து வாசித்தார். “விரிவாக விளக்கினார்…” இன்னொரு முறை வாசித்தார். பிறகு குவிரின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “அன்னிக்கு இவரு என்ன விளக்கினாரு?”

“அதான் சொன்னேனே. எல்லாத்தையும்.”

“எல்லாம்னா என்ன?”

குவிரின் பிடரியைச் சொறிந்தார். மான் கொம்பைப் பார்த்தார். “எல்லாம்தான். அச்சு… அமைவு… ஏதோ ஒருபோக்குன்னாரு.”

“கவ்வியைத் திறந்து பாத்தீங்களா?”

“திருகிப் பாத்தோம். அசையல. சாயங்காலம் பீரு வந்துடுச்சு, கம்பத்தோட சேத்துத் திருப்பிக் குடுத்துட்டோம்.”

“சரி, அது என்ன சாமான்னு நெனச்சீங்க?”

குவிரின் நால்வரின் மானத்தையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்தோம். கம்பம் நடுற அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. மூடி இருக்கு, எஃகா இருக்கு. சாசேஜ் வேகவைக்கிற சட்டின்னு.”

வால்புர்கா சிரிக்கவில்லை. அவர் காதோரம் மட்டும் சிவந்தது. “வடக்கத்தியான் விளக்கினாரான்னு கேட்டான். விளங்கிச்சான்னு கேக்கல. கேட்டவங்களுக்கு விளங்கலைன்னா வெளிய போனதா கணக்கில்லை. நாலு பேரும் திங்கட்கிழமை வந்து இதையே சொன்னா போதும். சென்ஸி, உன் கவ்வி பொழச்சது.”

சென்ஸி கவ்வியை மேஜை மேல் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“ஆட்சேபிக்கிறேன்” என்றார் டாக்டர் டாக்டர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் பேசுவது யாருக்கும் புரியாது என்று மூன்று அதிகாரிகள் முன்னால் நிரூபிக்கப் போகிறீர்களா? முப்பது வருடத் தொழில் என்னாவது? நான் தெளிவாகத்தான் விளக்கினேன். ஒரு குழந்தைக்கும் புரியும்படி.”

“டாக்டர் டாக்டர் சார்,” கோர்பினியன் கெஞ்சினான், “ஜெயிக்கிற கேஸ் சார்.”

“உண்மை என்று ஒன்று இருக்கிறது.” அவர் கவ்வியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காப்புரிமை வெளியாகிவிட்ட பிறகு அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. “குவிரின் அவர்களே, கவனியுங்கள். நீள் அச்சின் திசையில் இடப்பெயர்ச்சிக்கு உட்படும் உருளை வடிவப் பொருளின் புறப்பரப்பைச் சூழ்ந்தமையும் இவ்வுறுப்பானது, தன்னகத்தே கொண்டுள்ள, ஆரத்திசையில் சாய்வுற்ற…”

குவிரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதையான மனிதர், முழுதும் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் புருவம் உயர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. கோர்பினியன் நாற்காலி நுனிக்கு வந்தான். இந்த நேரம் பார்த்து மனுஷனுக்குப் புரிந்து தொலைக்கப் போகிறதா? வால்புர்கா கண்ணை மூடிக்கொண்டார். சென்ஸியின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. வெளியே கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. தட்டில் மிச்சமிருந்த சாசேஜ் தகுதி இழந்தது. இன்னும் சிறிது நேரம் கழித்து வாக்கியம் முற்றுப்புள்ளியைத் தொட்டது.

“இப்போது சொல்லுங்கள்” என்றார் டாக்டர் டாக்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “இது என்ன?”

குவிரின் வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் தட்டினார். யோசித்துத்தான் பேசினார்.

“ஆக, தண்ணி எவ்வளவு பிடிக்கும்?”

டாக்டர் டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்து, விரலை உயர்த்தி, இன்னும் எளிமையாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனார். சென்ஸி எட்டி, நுரை ததும்பும் பீர் குவளை ஒன்றை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“வேணாம் சார், குடிங்க. தப்பித் தவறிப் புரிஞ்சுடப் போகுது.”